பல் டாக்டர் திருத்திய பாதாளம்

எந்த நாட்டுக் கடவுள் மேலும் எனக்குக் கோபம் கிடையாது. அவர்கள் பாட்டுக்கு உலகத்தைப் படைப்பார்கள், ஆத்திரம் வந்தால் வெள்ளத்தில் மூழ்கடிப்பார்கள், பிறகு வருத்தப்படுவார்கள். அவர்களைத் திருத்தக் கிளம்பினார்களே, அந்தக் கமிட்டிக்காரர்கள் மேல்தான் எனக்கு இன்றுவரை ஆத்திரம் அடங்கவில்லை.

நான் ஒரு பள்ளிக்கூடத்தின் நூலகர். என் நூலகம் முன்பு வேதியியல் ஆய்வுக்கூடமாக இருந்த அறை. மேஜைகளில் இன்னும் காஸ் குழாய் மூக்குகள் நீட்டிக்கொண்டிருக்கின்றன. மூலையில் ஒரு தொட்டி உண்டு, அதில் பிள்ளைகள் கை கழுவிவிட்டுப் புத்தகத்தைத் தொட வேண்டும் என்பது என் சட்டம். ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே பள்ளியின் கேட். காலையில் யார் அழுதுகொண்டு வருகிறது, யார் அழவைத்துவிட்டுப் போகிறது எல்லாம் எனக்கு அத்துப்படி.

இந்த வருட ஆரம்பத்தில் எங்கள் முதல்வர் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு முகம் நிறைய வெளிச்சத்தோடு திரும்பி வந்தார். வாரம் ஒரு வகுப்பு நேரம், ஒவ்வொரு நாட்டுப் புராணமாகப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருடமாக என்னைக் கணக்கு வாத்தியார் லீவு போட்டால் பிள்ளைகளை மேய்க்கும் ஆளாகத்தான் வைத்திருந்தார்கள். அலமாரியைக் குடைந்து, பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, ஒரு மேஜை நிறைய உலகத்தைச் சேர்த்து வைத்தேன்.

முதல் இரண்டு வாரமும் சொர்க்கம். வயிற்றுவலி தாங்காமல் சூரியனையும் சந்திரனையும் வாந்தியெடுத்த கடவுளின் கதையைச் சொன்ன அன்று ஐந்தாம் வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அதில் ஒரு வாண்டு வீட்டுக்குப் போய், சாப்பிட உட்கார்ந்த இடத்தில் கண்டபடி தின்று வாந்தியெடுத்து, "சூரியன் வந்துருச்சா பாருங்கம்மா" என்று கேட்டிருக்கிறது. மறுநாளே புகார். அதற்கு அடுத்த நாளே கமிட்டி.

கமிட்டிக்குத் தலைவர் ஒரு பல் டாக்டர். அவர் மகனும் அதே ஐந்தாம் வகுப்புதான். டாக்டர் எதைச் சொன்னாலும் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டேதான் சொல்வார், தொழிலுக்குத் தானே விளம்பரம். உடன் நாலைந்து பெற்றோர் உண்டு. டாக்டர் தலையை ஆட்டினால் ஆட்டுவார்கள், நிறுத்தினால் நிறுத்துவார்கள்.

முதல் கூட்டத்தில், கடவுள்களிடமிருந்து நெருப்பைத் திருடியவனின் கதை மாட்டியது.

"திருடினானா?" என்றார் டாக்டர்.

"ஆமா சார். மனுஷங்க எல்லாம் குளிர்ல செத்துக்கிட்டு இருந்தாங்க. பாவப்பட்டுத் திருடினான்."

"காரணம் என்னவா வேணா இருக்கட்டும் மேடம். நாளைக்கு என் பையன் பக்கத்து பையனோட பென்சில எடுத்துட்டு, எனக்குக் குளிருச்சுன்னு சொன்னா நான் என்ன பண்றது?"

எல்லாத் தலைகளும் ஆடின. உரியவர்களிடம் முறையாக அனுமதி பெற்று நெருப்பை வாங்கிவந்தான் என்று முடிவாயிற்று. தண்டனையாக மலையில் அவனைக் கட்டிப்போட்டார்கள், கழுகு தினமும் வந்து ஈரலைக் கொத்தியது என்பதைக் கேட்டதும் ஒரு அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். கழுகு தினமும் வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனது என்று மாற்றினார்கள். பெற்ற பிள்ளைகளையே விழுங்கிய ஒரு தகப்பன் இருந்தான். திருத்திய பிறகு அவன் பிள்ளைகளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டான். உலகத்தை மூழ்கடித்த பிரளயம் பலத்த மழையாகி, எல்லாருக்கும் அன்று விடுமுறை கிடைத்தது.

திருத்திய முடிவுகளை டாக்டரின் கிளினிக்கில் வரவேற்பில் உட்காரும் பெண்தான் டைப் அடித்துக் கொடுத்தாள். அதுவும் கிளினிக்கின் காகிதத்தில். ஒவ்வொரு தாளின் மூலையிலும் ஒரு வெள்ளைப் பல், கையில் பிரஷ்ஷோடு நின்று சிரிக்கும். அந்தத் தாளைக் கதையின் கடைசிப் பக்கத்தின் மேல் ஒட்ட வேண்டும் என்பது உத்தரவு. ஒட்டினேன். எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு என்பதால் நாலு மூலையில் மட்டும், அதுவும் பேருக்குத்தான் பசை தடவினேன்.

ஆனால் பிள்ளைகளை ஏமாற்ற முடியுமா? ஐந்தாம் வகுப்பில் வக்கீல் ஒருத்தி இருக்கிறாள். பேர் என்னவோ வேறு, ஆசிரியர்கள் அறையில் அவளுக்கு வக்கீல் என்றுதான் பேர். அவளிடம் ஒரு வாக்கியம் தப்பாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்க முடியாது.

"மிஸ், அனுமதி குடுத்துட்டு அப்புறம் எதுக்குக் கட்டிப் போட்டாங்க? ரசீது வாங்கலையா அவன்?"

"உக்காரும்மா."

"இன்னொண்ணு மிஸ். எல்லா நாட்டுக் கதையிலயும் கடைசியில இந்தப் பல் சாமி வந்துடறாரே. அவருதான் எல்லாருக்கும் பெரியவரா?"

வகுப்பே அதை ஏற்றுக்கொண்டது. மலையோ பாலைவனமோ பனிப்பிரதேசமோ, கடவுள்கள் அடித்துக்கொள்வார்கள், அசுரர்கள் அட்டகாசம் செய்வார்கள், கடைசிப் பக்கத்தில் பல் சாமி பிரஷ்ஷோடு தோன்றி எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவார். படம் வரையச் சொன்னால் பாதிப் பேர் அவரைத்தான் வரைந்தார்கள். முதல்வர் அந்தப் படங்களைப் பார்த்து, பிள்ளைகளுக்குப் பல் சுகாதாரமும் சேர்ந்து வந்துவிட்டது என்று பூரித்துப்போனார்.

வக்கீலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு அம்மா இல்லை. போன வருடம் உடம்புக்கு முடியாமல் இருந்து போய்விட்டார். அப்பா லிஃப்ட் மெக்கானிக். காலையில் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விடுவார், ஹேண்டிலில் சாமான் பை தொங்கும். விட்டுவிட்டுப் போனோம் என்று போகமாட்டார். வண்டியைக் கிளப்புவார், கொஞ்ச தூரத்தில் திரும்பிப் பார்ப்பார். மரத்தடியில் திரும்பிப் பார்ப்பார். திருப்பத்தில் வண்டியையே நிறுத்திவிட்டுப் பார்ப்பார். இவள் கேட்டுக்குள் நின்று, "போங்க போங்க" என்று மாடு விரட்டுகிற மாதிரி கையை ஆட்டுவாள். "ஒரு நாள் உங்கப்பாவுக்குக் கழுத்து சுளுக்கிக்கப் போவுது பாரு" என்பார் வாட்ச்மேன். இது தினமும் நான் ஜன்னலில் நின்று பார்க்கிற காட்சி.

அப்படி இருக்கும்போதுதான் பாதாளக் கதை கமிட்டிக்கு வந்தது. யாழ் வாசிக்கிற ஒருவன், செத்துப்போன மனைவியை மீட்கப் பாதாளத்துக்கு இறங்கிப் போகிறான். அவன் பாட்டைக் கேட்டு அங்கே உள்ள ராஜாவே இளகிவிடுகிறான். கூட்டிக்கொண்டு போ, அவள் உன் பின்னால் வருவாள், வெளிச்சத்துக்குப் போய்ச் சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது என்கிறான். இவன் கடைசி நிமிடத்தில் திரும்பிவிடுகிறான். அவள் போய்விடுகிறாள்.

டாக்டரின் சிரிப்பு ஒரு சுற்றுக் குறைந்தது. "தோத்துட்டானா? ஏன் மேடம் தோக்கணும்? நம்ம கதைல ஒரு அம்மா பேசிப் பேசியே புருஷன் உயிர மீட்டுக்கிட்டு வந்துட்டாங்க இல்ல? நம்மாளுங்க ஜெயிப்பாங்க, அவங்க நாட்டுக்காரன் மட்டும் தோப்பானா? பாரபட்சமா தெரியாது? எல்லா நாடும் நமக்குச் சமம் மேடம்."

"சார், அந்த வகுப்புல அம்மா இல்லாத குழந்தை ஒண்ணு இருக்கு," என்றேன்.

"அந்தக் குழந்தைக்காகத்தானே சொல்றேன். சோகமா முடிச்சா அது மனசு என்ன பாடுபடும்? பிஞ்சு மனசு மேடம். அவன் போனான், மனைவியக் கையோட கூட்டிக்கிட்டு வந்தான், சந்தோஷமா இருந்தாங்க. முடிஞ்சுது."

"அப்புறம் அந்தக் குழந்தை என்ன கேக்கும்னு யோசிச்சீங்களா?"

"சந்தோஷமான கதையில கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்று சிரித்தார். தலைகள் ஆடின.

அது மட்டுமில்லாமல், இந்தக் கதையைத் தானே வந்து வாசிக்கப்போவதாகவும் சொன்னார். வாசிக்கவும் செய்தார். கோட்டு போட்டுக்கொண்டு வந்து, எல்லா நாடும் நமக்குச் சமம் என்று பிள்ளைகளிடம் ஒரு முன்னுரை சொல்லிவிட்டு, ராஜாவுக்கு ஒரு குரல், மனைவிக்கு ஒரு குரல் என்று ஏற்ற இறக்கத்தோடு பிய்த்து உதறினார். கடைசியில் கணவனும் மனைவியும் கைகோத்து மாடிப்படி ஏறி வந்தார்கள், பல் சாமி சிரித்தார், பிள்ளைகள் கைதட்டினார்கள். வக்கீல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஜன்னலில் நான் பார்த்த காட்சி மாறிவிட்டது. ஸ்கூட்டர் வரும். அவள் இறங்குவாள், பையை மாட்டுவாள், விறுவிறுவென்று உள்ளே போய்விடுவாள். அந்த மனிதர் மரத்தடியில் திரும்பிப் பார்ப்பார், திருப்பத்தில் பார்ப்பார், கேட்டுக்குள் யாரும் இருக்கமாட்டார்கள்.

பெற்றோர் பார்வை நாள் வந்தது. கதை நேரத்தைப் பெற்றோர் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும், டாக்டர் தன் புகழ்பெற்ற பாதாளத்தை மறுபடியும் வாசிப்பார் என்று ஏற்பாடு. நாற்காலி போட்டுக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட் மெக்கானிக் வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று பார்த்தார்.

"உள்ள வாங்க சார்," என்றேன்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. ஒண்ணு கேக்கணும். அந்தக் கதைல அவரு கீழ இறங்கிப் போயி சம்சாரத்தக் கூட்டிட்டு வந்துட்டாராமே. கதை அப்படித்தானா?"

"ஏன் கேக்கறீங்க?"

அவர் சாமான் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "பாப்பா எங்கிட்ட பேசறதில்ல. சாப்பிடுன்னா சாப்பிடுது, தூங்குன்னா தூங்குது, பேச்சு மட்டும் இல்ல. கெஞ்சிக் கேட்டப்போ சொல்லுது, 'நீங்க லிஃப்ட் குழிக்குள்ள எவ்வளவு ஆழம்னாலும் இறங்கறீங்க. அம்மாவக் கூப்பிட மட்டும் ஏன் இறங்கல'ன்னு. நான் என்ன டீச்சர் சொல்றது? போக முடியாதும்மான்னு சொன்னேன். 'புத்தகத்துல போட்டிருக்கு, நீங்கதான் போகல'ங்குது."

டாக்டர் மட்டும் அப்போது எதிரில் இருந்திருந்தால் அவருக்கே பல் வைத்தியம் தேவைப்பட்டிருக்கும். "பின்னாடி நாற்காலியில உக்காருங்க, போயிடாதீங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு முதல்வரைத் தேடி ஓடினேன்.

முதல்வர் வராந்தாவில் பூந்தொட்டிகளை நேராக்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். உண்மையான முடிவை இன்றைக்கே வாசிக்க வேண்டும் என்றேன்.

"ஐயோ பாவம்," என்றார். மனதாரத்தான் சொன்னார். "ஆனா இன்னைக்கு வேண்டாமே. இத்தனை பேரண்ட்ஸ் வந்திருக்காங்க. டாக்டர் வேற ரிகர்சல் எல்லாம் பண்ணிட்டு வந்திருக்காரு. அடுத்த வாரம் தனியா கூப்பிட்டுச் சொல்லிக்கலாம். அப்புறம், உங்க வேலை நீட்டிப்பு என் மேஜைலதான் இருக்கு. கமிட்டி கையெழுத்துக்குப் போகணும். பாத்து நடந்துக்கோங்க."

பார்த்து நடந்துகொள்வது என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பது என்று அர்த்தம், எனக்குத் தெரியாதா? திரும்பி வந்து அலமாரிப் பக்கம் நின்றேன்.

டாக்டர் வாசித்தார். ராஜா குரல் முன்பைவிடக் கனமாக வந்தது. கைகோத்துப் படியேறி வந்தார்கள். பெற்றோர் கைதட்டினார்கள். டாக்டர் புத்தகத்தை மூடி மேஜையில் வைத்துவிட்டு, "சரி குட்டீஸ், இந்தக் கதையிலேர்ந்து நாம என்ன கத்துக்கிட்டோம்? யாரு சொல்றீங்க?" என்றார்.

வக்கீல் எழுந்தாள். பின்வரிசையைப் பார்க்காமல், நேராக டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"செத்துப்போனவங்களப் போய்க் கூப்பிட்டா வந்துடுவாங்க. எங்கப்பா போகல."

அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டாக்டர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, எடுத்து எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"அது... அது வேற நாட்டுக் கதைம்மா," என்றார்.

"எல்லா நாடும் சமம்னு நீங்கதானே அங்கிள் அன்னைக்குச் சொன்னீங்க."

டாக்டர் முதல்வரைப் பார்த்தார். முதல்வர் என்னைப் பார்த்துக் கண்ணாலேயே வேண்டாம் என்றார். பின்னால் அந்த மனிதர் சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்திருந்தார். இவ்வளவு ஜனத்துக்கு நடுவில் பெற்ற மகளே குற்றம் சாட்டிவிட்டாள். வேலையாவது மண்ணாவது என்று எனக்கு வந்துவிட்டது.

மேஜைக்குப் போய்ப் புத்தகத்தை எடுத்தேன். கடைசிப் பக்கத்தைத் திறந்து, நகத்தை மூலையில் கொடுத்து இழுத்தேன். பேருக்குத் தடவிய பசை, தாள் கையோடு வந்துவிட்டது. பல் சாமியை நாலாக மடித்து டாக்டரிடம் கொடுத்தேன். அவர் வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், பாவம்.

"இதுக்குக் கீழ இன்னொரு முடிவு இருக்கு," என்றேன் பிள்ளைகளிடம். "அதுதான் நிஜ முடிவு. கேளுங்க."

"மேடம், ப்ளீஸ்," என்றார் முதல்வர்.

நான் வாசித்தேன். எனக்கு ராஜா குரல் எல்லாம் வராது, இருக்கிற குரலில்தான் வாசித்தேன். அவன் முன்னால் நடந்தான். இருட்டு. பின்னால் காலடிச் சத்தமே கேட்கவில்லை. வருகிறாளா, இல்லையா? ராஜா ஏமாற்றிவிட்டானா? படியில் தடுக்கி விழுந்துவிட்டாளா? வெளிச்சம் தெரிய ஆரம்பித்துவிட்டது, இன்னும் கொஞ்சம்தான். அவனால் முடியவில்லை. திரும்பிப் பார்த்தான். அவள் அங்கேதான் இருந்தாள், சரியாகத்தான் பின்னால் வந்துகொண்டிருந்தாள். பார்த்த நொடியிலேயே போய்விட்டாள். கையை நீட்டினான், ஒன்றும் அகப்படவில்லை.

"அறிவில்லையா அவனுக்கு?" என்றாள் வக்கீல். "திரும்பாதன்னு சொல்லியும் ஏன் திரும்பினான்?"

"அவ மேல அவனுக்கு உசிரு. வராளா இல்லையான்னு பாக்காம அவனால ஒரு அடி வைக்க முடியல."

"வேற யாரும் போகலையா?"

"ஒரு நாட்டுல நரி போச்சு. தொடாதேன்னாங்க, ஆசையில தொட்டுடுச்சு, பொண்டாட்டி போயிட்டா. ஒரு தீவுல ஒருத்தன் போனான். பாக்காதேன்னாங்க, விளக்கக் கொளுத்திப் பாத்துட்டான்."

"நம்ம கதைல அந்த அம்மா ஜெயிச்சாங்க."

"ஆமா. அந்த மாதிரி ஒண்ணு ரெண்டு." நான் புத்தகத்தை மூடினேன். "கண்ணு, இதெல்லாம் கதை. நிஜத்துல அங்க போக வழி இல்ல. லிஃப்ட் இல்ல, படி இல்ல, ஒண்ணும் இல்ல. வழி மட்டும் இருந்திருந்தா, இந்த ஊர்ல பாதிப் பேர் வீட்டுல இருந்திருக்க மாட்டாங்க, எப்பவோ கிளம்பிப் போயிருப்பாங்க. போக முடியலையேன்னுதான் ஊர் ஊரா உக்காந்து இந்தக் கதையச் சொல்லியிருக்காங்க."

ஒரு அம்மா மூக்கை உறிஞ்சினார். யார் என்று பார்த்தேன், கழுகுக்கு வாயைப் பொத்தியவர். முதல்வர் என் காதருகே வந்து, "கதை நேரம் முடிஞ்சதும் என் ரூமுக்கு வாங்க" என்றார். வருகிறேன் என்றேன். அங்கே என்ன சொல்வார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

வக்கீல் இன்னும் உட்காரவில்லை. எதையோ மனதுக்குள் போட்டு உருட்டிக்கொண்டிருந்தாள். பிறகுதான் பின்வரிசைப் பக்கம் திரும்பினாள். அப்பாவைத் தலையிலிருந்து கால்வரை அளந்தாள், தேறுவாரா மாட்டாரா என்று.

"எங்கப்பா போயிருந்தாலும் வேலைக்கு ஆகாது மிஸ்," என்றாள். "முதல் படியிலேயே திரும்பிப் பாத்துடுவாரு."

அந்த மனிதர் சிரிக்கப் போனார், வாய் கோணிக்கொண்டது, புறங்கையால் முகத்தைத் துடைத்தார். "ஆமாம்மா," என்றார். "என்னால முடியாதுதான்."

"எனக்குத் தெரியும்," என்றாள் அவள். "சரி, வேலைக்கு நேரமாச்சு. போங்க."

அவர் எழுந்தார். எல்லாரிடமும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டார். நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, பை யார் காலிலும் இடிக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போனார். ஐந்தாம் வகுப்பு மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகையே பார்த்தது. கமிட்டி பார்த்தது. பல் டாக்டர்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

வாசற்படியில் ஒரு காலை வைத்தார். திரும்பிப் பார்த்தார்.

அறை அதிர வகுப்பு சிரித்தது. வக்கீல் ஒருத்திதான் சிரிக்கவில்லை. "போங்க போங்க" என்று கையை ஆட்டி அவரை விரட்டிவிட்டு, என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் சொன்னேனே மிஸ்," என்றாள்.